பதினொரு கோழிக் கடன்



உங்கள் வீட்டுக் கொல்லையில் கோழி உண்டா? உண்டெனில், அடுப்படி வேலையெல்லாம் முடிந்தபின் சற்று நிதானமாக அமர்ந்து இதைப் படியுங்கள். இல்லையெனில் உங்கள் அடுத்த வீட்டிலோ பின்வீட்டிலோ நிச்சயம் இருக்கும். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கோழி வளர்த்து இலட்சாதிபதி ஆன கதையை நான் சொல்ல வரவில்லை. கோழி வளர்த்து ஒரு கடனாளி ஆன கதையைத்தான் சொல்லப் போகிறேன். அந்தக் கடன் பணத்தால் அடைபடுகிற கடனும் அல்ல.

எங்கள் ஊர் காயல்பட்டினம். எங்கள் பக்கத்து வீடுகளின் அமைப்பை அறியாதவர்களுக்காக ஒன்று கூறிவிடுகிறேன். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒடுங்கிய சந்து ஒன்று ஓடும். அதனை முடுக்கு என்போம். பெண்கள் தெருவாசலுக்கு வராமலேயே முடுக்கு வழியாக நாலைந்து வீடுகளுக்குப் போய் வந்துவிடலாம். குழம்பும் ஊறுகாயும் ஊர்ச் செய்தியும் போகிற வழி அது. கோழிகளுக்கும் அதுவே ராஜபாட்டை.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போதுதான் நான் கோழி வளர்க்கத் தொடங்கினேன். கடைகள் அடைத்துக் கிடந்த நேரம். என் கணவர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். எங்கள் பின்முடுக்கில் ஒரு லாத்தா இருக்கிறார்கள். கணவரை இழந்தவர்கள், பிள்ளைகள் இல்லை. நாட்டுக்கோழி முட்டை விற்றும், பெருநாளைக்கும் விருந்துக்கும் கோழி கொடுத்தும் பிழைத்து வருபவர்கள். அவர்கள்தாம் ஒரு பெட்டையையும் பதினொரு முட்டைகளையும் என்னிடம் தந்து, "வாரத்துக்கு வைத்துக்கொள் தங்கச்சி. பொரிப்பதில் பாதி உனக்கு, பாதி எனக்கு" என்றார்கள். வாரத்துக்கு விடுவது நம் ஊர்ப்பக்கங்களில் ஆட்டுக்கும் கோழிக்கும் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஆக, எனக்குக் கோழி வளர்ப்பைக் கற்பித்ததும் அவர்கள். முதல் முதல் தந்ததும் அவர்கள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கடகத்தில் ஆற்றுமணலும் அதன்மேல் வைக்கோலும் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடிக்குப் பயந்து ஓர் இரும்பாணியையும் ஒரு கரித்துண்டையும் ஓரத்தில் செருகி வைத்தார்கள் என் உம்மா. ஆணிக்கும் இடிக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்டதற்கு, "கோழிக்குத் தெரியும்" என்பதே பதில். ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் பின்னால் டார்ச்சைப் பிடித்துப் பார்க்க லாத்தா கற்றுக்கொடுத்தார்கள். உள்ளே சிலந்தி வலைபோல் சிவந்த நரம்புகள் படர்ந்து, நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தால் அது குஞ்சு. வெறுமனே வெளிச்சம் பாய்ந்தால் கூமுட்டை. அந்தப் புள்ளியைப் பார்த்த என் மகன் அன்றிரவு முழுவதும் உறங்கவில்லை. இருபதாம் நாள் காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய தட்டல். இருபத்தோராம் நாள் விடிந்தபோது தாயின் இறக்கைக்குள்ளிருந்து ஒன்பது தலைகள் எட்டிப் பார்த்தன. சுப்ஹானல்லாஹ்! பள்ளிக்கூடப் புத்தகத்தில் எத்தனை படம் போட்டாலும் அந்தப் பாடத்தை அப்படிக் கற்பிக்க முடியாது.

குஞ்சுகளுக்கு நொய் போட்டால் மட்டும் போதாது. ஒரு பழைய மண்பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் ஓலையும் திணித்து, சற்றே நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைக் கொட்டினால் குஞ்சுகள் தின்னும் வேகத்தைக் காணக் கண் கோடி வேண்டும். காசில்லாத தீனி.

சந்தோஷம் மட்டுமா? காகம் ஒரு பக்கம், பருந்து ஒரு பக்கம், கீரி ஒரு பக்கம். எங்கள் வீட்டுப் பூனையே இரண்டு குஞ்சுகளைக் கொண்டுபோயிற்று. பூனையைச் சாக்கில் கட்டிக் கடற்கரையில் விட்டுவிடுவோம் என்று நான் சொன்னபோது, பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை உம்மா எனக்கு நினைவூட்டினார்கள். "அதற்குச் சோறு வைக்காதது உன் குற்றம். குஞ்சைத் தின்றது அதன் குற்றமா?" என்று வேறு கேட்டார்கள். அன்றுமுதல் பூனைக்கு மீன் தலை தவறாமல் கிடைக்கிறது. குஞ்சுகளின்மீது அதற்கிருந்த நாட்டமும் பெரும்பாலும் குறைந்துவிட்டது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன்.

மற்றொரு தொல்லை, சேவல் அறுக்க ஆள் தேடுவது. மோதினார் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்துப் பையனிடம் கொடுத்தனுப்ப வேண்டும். வழியில் சேவல் கைநழுவி ஓடிவிட, தெருவே சேர்ந்து துரத்திய நாட்களும் உண்டு. பெண்கள் அறுக்கலாம் என்று மார்க்கம் அனுமதித்திருக்கிறது. ஆனால் கத்தியை எடுக்க எனக்குத்தான் கை வரவில்லை.

வாத்து ஆசையும் ஒரு முறை வந்தது. வாத்து முட்டைகளைக் கோழிக்கு அடை வைத்தோம். இருபத்தெட்டு நாள் பொறுமையாக அமர்ந்தது அந்தப் பெட்டை. பொரித்த குஞ்சுகள் மறுவாரமே தண்ணீர்த் தொட்டியில் குதித்தன. கரையில் நின்றுகொண்டு அந்தத் தாய் போட்ட கூப்பாட்டைக் கேட்டு, பிள்ளை கிணற்றில் விழுந்துவிட்டதோ என்று முடுக்கு முழுவதும் கூடிவிட்டது. அதில் மிஞ்சிய இரண்டு வாத்துகள் இன்றும் இருக்கின்றன.

இத்தனைக்கும் இடையில் எங்கள் மந்தை பெருகியது. ஒரு நாட்டுக்கோழி ஆண்டுக்கு இடும் முட்டை அறுபது, எழுபது என்ற அளவில்தான் இருக்கும். பதினைந்து முட்டை இடும், அடை கிடக்கும், குஞ்சோடு திரியும், மறுபடி இடும். பண்ணைக் கோழியைப்போல் நாள் தவறாமல் இடுவதற்கு அது இயந்திரம் அன்று. என்றாலும் பிள்ளை பெற்ற வீடுகளிலும் பெரிய பிள்ளையான பெண்ணுள்ள வீடுகளிலும் அந்த முட்டையைத்தான் தேடி வருவார்கள். நான் எங்கள் வீட்டுத் தேவைக்கு வளர்த்தேன். வெளியிலிருந்து யாரும் கேட்டு வந்தால் லாத்தா வீட்டைக் கைகாட்டி விடுவேன். அது அவர்களுடைய பிழைப்பு. அதில் நான் கை வைக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். அந்தப் பிழைப்பில் நானே மண்ணைப் போடுவேன் என்று அப்போது யார் கண்டது?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை எங்கள் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. 24 மணி நேரத்தில் எங்கள் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானதாகப் பின்னர் செய்திகளில் வந்தது. ஓராண்டு முழுவதும் பெய்கிற மழையையும் மிஞ்சிய அளவு அது. இரவு கொல்லையில் நீர் ஏறத் தொடங்கியதும் மின்சாரம் போயிற்று. இருட்டில் டார்ச்சும் கையுமாகக் கூட்டைத் திறந்து, கோழிகளை இரண்டிரண்டாகக் கைக்கு ஒன்றாய்த் தூக்கி மாடிக்கு ஏற்றினோம். குர்பானிக்காக வளர்த்து வந்த கொடி ஆட்டுக் கிடாயை என் மகன் படிக்கட்டில் இழுத்துச் சென்றான். கொடி ஆட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் கரைப்பக்கத்துக்கே உரிய, நெடிய காலுள்ள ஆடு. வெண்மையில் கருந்திட்டுகள் இருந்தால் கரும்போரை, செந்திட்டுகள் இருந்தால் செம்போரை. எங்களுடையது கரும்போரை. ஆள் உயரத்துக்கு எழும்பி நின்று முருங்கையை ஒடிக்கிற அந்தக் கிடாய், அன்று நடுங்கிக்கொண்டு என் மகனின் மடியில் தலை வைத்துக் கிடந்தது.

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டோம் என்று நினைத்தபோதுதான் பஞ்சாரத்தின் கீழ் மூடி வைத்திருந்த ஒரு தாயும் ஏழு குஞ்சுகளும் நினைவுக்கு வந்தன. திரும்பிப் போய்ப் பார்க்கையில் பஞ்சாரம் மிதந்துகொண்டிருந்தது. அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நள்ளிரவுக்கு மேல் பின்கதவு தட்டப்பட்டது. இடுப்பளவு நீரில், தலையில் ஒரு கடகமும் இடுப்பில் ஒரு கடகமுமாக லாத்தா நின்றிருந்தார்கள். இரண்டு கடகங்களுக்குள்ளும் கோழிகள். மொத்தம் பதினான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை. வீட்டில் வேறு என்ன எடுத்தீர்கள் என்று கேட்டேன். "வேறு எதை எடுக்க? இதுதானே சொத்து" என்றார்கள். நான்கு நாட்கள் மாடி அறையில் அவர்கள் கோழியும் எங்கள் கோழியும் ஆடும் பூனையும் மனிதர்களும் ஒன்றாய் வாழ்ந்தோம். இருந்த அரிசியில் கஞ்சி காய்ச்சி எல்லோரும் குடித்தோம். கோழிகள் கலந்து போகாமலிருக்க அவர்களுடையவற்றின் காலில் பச்சைத் துணியும் எங்களுடையவற்றின் காலில் சிவப்புத் துணியும் கட்டியிருந்தோம். கீழே கொல்லையை நிறைத்திருந்த நீரில் மகிழ்ச்சியோடு உலாவியவை அந்த இரண்டு வாத்துகள் மட்டுமே.

நீர் வடிந்த பிறகு குளிரிலும் ஈரத்திலும் மேலும் மூன்று கோழிகளை இழந்தேன். எஞ்சியவை பதின்மூன்று. கூடு வெறிச்சோடிக் கிடப்பதாக எனக்குத் தோன்றிற்று. பொறுத்திருந்தால் அவையே அடை கிடந்து பெருகியிருக்கும். பொறுமை இல்லை. ஜனவரி கடைசியில் அக்கம்பக்கத்துச் சந்தை ஒன்றிலிருந்து மூன்று விடைக்கோழிகளை வாங்கி வரச் செய்தேன். நல்ல நிறம், நல்ல உயரம். அவற்றில் ஒன்று மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலையை உள்ளிழுத்து நின்றது. வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே மூன்றையும் மற்றவற்றோடு ஒரே கூட்டில் அடைத்தேன்.

சகோதரிகளே, வாசிப்பை இங்கே சற்று நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாக எந்தக் கோழி வந்தாலும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்காமல் பழைய கோழிகளோடு சேர்க்கவே கூடாது. இது கற்றறிந்தவர் மட்டுமே அறிந்த இரகசியம் அன்று. லாத்தா எனக்கு முதல் ஆண்டே சொன்னது. தனிக்கூடு இல்லை என்ற சோம்பலால் நான் அதை விட்டேன்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று அதற்கு முன்பே நடந்திருந்தது. நம் மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறையினர் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள், கட்டணம் இல்லை. 2023 பிப்ரவரியில் முகாம் என்று கேள்விப்பட்ட லாத்தா, "போவோமா?" என்று என்னிடம் கேட்டார்கள். ஊசி போட்டால் முட்டை நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருந்த நான், "வேண்டாம் லாத்தா, நம் கோழிக்கு என்ன நோய்?" என்று சொல்லிவிட்டேன். "நீ படித்த பிள்ளை, உனக்குத் தெரியும்" என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். என்னை நம்பியதுதான் அவர்கள் செய்த தவறு.

ஐந்தாம் நாள் காலையில் கூட்டைத் திறந்தபோது அந்தச் சந்தைக் கோழி செத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. மறுநாள் எங்கள் பழைய பெட்டைகளில் நான்கு, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஒரு சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமாகச் சுற்றிற்று. அதைப் பார்த்தபின்தான் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் என் விவரத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்.

நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் இந்த நோய்க்கு ராணிகெட் நோய் என்றும் பெயர். இமயமலைச் சாரலில், இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்திலுள்ள ராணிகெட் என்ற ஊரில் 1920-களின் இறுதியில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. நச்சுயிரியால் வருவதால் வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. எச்சத்திலும் எச்சிலிலும் இருக்கும். நம் செருப்பிலும் சேலை முனையிலும் பாத்திரத்திலும் ஒட்டிக்கொண்டு போகும். வருமுன் காப்பது ஒன்றே வழி. குஞ்சு பொரித்த ஏழு நாட்களுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மற்றொரு முறை சொட்டு, எட்டிலிருந்து பத்தாம் வாரத்துக்குள் இறக்கையில் ஊசி. அவ்வளவே. "அக்கம்பக்கத்தில் கோழி இருக்கிறதா? உடனே சொல்லிவிடுங்கள். நலமாக இருப்பவற்றைப் பிரித்து ஊசி போட்டால் சிலவாவது பிழைக்கும்" என்றார் மருத்துவர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து பின்கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு, எங்கள் கூட்டுக்குப் பாதியைப் போட்டுவிட்டு, மீதியை அதே சட்டியோடு முடுக்கு வழியே கொண்டுபோய் லாத்தாவின் கோழிகளுக்கு நானே கொட்டி வந்திருந்தேன். வெள்ளத்தில் அவர்கள் சேர்த்து வைத்திருந்த தவிடும் நொய்யும் போய்விட்டதே என்ற இரக்கம். அதே செருப்பு, அதே கை, அதே சட்டி. எப்படிப் போய்ச் சொல்வது? ஒருவேளை அங்கே வராமலே போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே கழிந்தன. உம்மாதான் பஜ்ருக்குப் பின் என்னைப் பார்த்து, "ராத்திரி முழுக்க நீ தூங்கவில்லை. சொல்லாமல் இருந்தால் இன்னும் எத்தனை ராத்திரி?" என்று கேட்டார்கள்.

நான் போனபோது அவர்களுடைய கோழிகளில் இரண்டு ஏற்கெனவே தலை கவிழ்ந்து நின்றன. நடந்ததனைத்தையும் சொன்னேன், ஒரு நாள் மறைத்ததையும் சொன்னேன். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும். ஒன்றும் பேசாமல் நலமாக இருந்தவற்றைப் பிடித்து வேறு கடகத்தில் அடைக்கலானார்கள். அன்றே ஊசி போட்டோம். அந்த ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை பிழைத்திருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் கோழி வியாபாரி ஒருவர் டிவிஎஸ் வண்டியில் வந்து சேர்ந்தார். இத்தகைய செய்தி அவர்களுக்கு எப்படித்தான் எட்டுமோ! துவண்டு கிடக்கும் கோழிகளைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "உயிர் இருக்கும்போதே அறுத்துவிட்டால் ஹலால்தானே, அதில் என்ன இருக்கிறது?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனம் சலனப்பட்டது. எனக்காக அல்ல, லாத்தாவின் கையில் ஏதாவது நாலு காசு சேருமே என்று. அவரை முடுக்கு வழியே அழைத்துப் போனேன். லாத்தா திரைக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "இதை வாங்கி எங்கே விற்பீர்கள்?" என்றார்கள். பக்கத்து ஊர்களில் என்றார் அவர். "இங்கே இருந்து எடுத்துப் போகிற வழியெல்லாம் நோய் போகும். அதை ஒரு வீட்டில் ஆக்கித் தின்னவும் செய்வார்கள். எனக்கு அந்தக் காசு வேண்டாம். தென்னைக்குக் கீழே குழி வெட்ட ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள்" என்றார்கள். வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். குழியை என் மகனும் நானும்தான் வெட்டினோம். இரண்டரை அடி ஆழம். அடியிலும் மேலிலும் சுண்ணாம்பு.

பதினைந்து நாட்களில் எங்கள் கூட்டில் மிஞ்சியவை இரண்டு. அவர்களுடையதில் மூன்று. வெள்ளத்தின் நடு இரவில் தலையில் சுமந்து காப்பாற்றிய பதினான்கில் பதினொன்று, என் சோற்றுச் சட்டியால் போயிற்று.

என் கணவர் சென்னையிலிருந்து பணம் அனுப்பினார்கள். அதை ஓர் உறையில் வைத்துக் கொண்டுபோனேன். லாத்தா வாங்கவில்லை. "பணத்தைக் கையில் வைத்தால் மருந்துக்கும் கரண்டுக்கும் போய்விடும். கோழியாகத் தா" என்றார்கள். சந்தையில் வாங்கித் தருகிறேன் என்றேன். "சந்தைக் கோழியா?" என்று கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தத் துயரத்திலும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றுமுதல் அது பதினொரு கோழிக் கடன்.

கிடாயை விற்று ஈடு செய்யலாமா என்றும் ஒரு யோசனை ஓடிற்று. லாத்தா அதைக் கேட்டதும், "குர்பானிக்கு நேர்ந்ததை என் கோழிக்காக விற்காதே" என்று தடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளில் அதனை அறுத்தபோது என் மகன் மாடியைவிட்டு இறங்கவில்லை, இறைச்சியையும் தொடவில்லை. அதைப் பற்றி எழுதினால் அது வேறொரு கட்டுரையாகிவிடும்.

கூட்டை உடனே நிரப்பக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். பழைய வைக்கோலைக் கொளுத்தி, கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் கிடத்தினோம். மிஞ்சிய ஐந்து கோழிகளும் அதுவரை முடுக்கின் மறுபுறம் லாத்தாவின் கொல்லையில் தனியே இருந்தன. மார்ச்சில் ரமலான் வந்தது. அந்த நோன்பு மாதம் முழுவதும் லாத்தா சஹருக்குப் பின் இடியாப்பம் அவிப்பதற்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும் ஓசை எனக்குக் கேட்கும். முட்டை விற்ற காசு நின்றுபோனதால், நோன்பு திறக்கும் வேளைக்கு இடியாப்பம் விற்கத் தொடங்கியிருந்தார்கள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவர்கள் குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பார்கள்.

பெருநாள் கழிந்து எங்கள் இரண்டு பெட்டைகளில் ஒன்று அடைக்குக் கேறியது. தடுப்பூசி போட்டு வளர்க்கும் உறவினர் வீட்டிலிருந்து பதின்மூன்று முட்டை வாங்கி வைத்தேன். பத்துப் பொரித்தன. இம்முறை நான் பழைய ஆள் இல்லை. வாசலில் வேறு செருப்பு, கூட்டுக்கு வேறு செருப்பு. அவர்கள் கோழிக்கு அவர்கள் பாத்திரம், எங்கள் கோழிக்கு எங்கள் பாத்திரம். ஏழாம் நாள் சொட்டு மருந்து வாங்கப் போனபோது, மருந்துப் புட்டி ஒன்றில் நூறு குஞ்சுகளுக்கான அளவு இருப்பதும், கலக்கினால் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதும் தெரிந்தது. பத்துக் குஞ்சுக்காக நூற்றின் மருந்தை வீணாக்குவதா? முடுக்கில் குஞ்சு வைத்திருந்த அத்தனை வீடுகளுக்கும் சொல்லி அனுப்பினேன். தெர்மாஸ் குடுவையில் ஐஸ் போட்டு மருந்தைக் கொண்டுவந்து, எங்கள் பின்கட்டில் அமர்ந்து, வந்த குஞ்சுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சொட்டு விட்டோம். குஞ்சைப் பிடித்துக் கொடுத்தவர்கள் லாத்தா. சொட்டு விட்டது நான். "ஊசி போட்டால் முட்டை நின்றுவிடுமாமே?" என்று ஒரு மாமி கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன், "ஊசி போடாவிட்டால் கோழியே நின்றுவிடும்" என்றார்கள் லாத்தா.

பத்தில் ஒன்றைக் காகமும் ஒன்றைக் கீரியும் கொண்டுபோயின. எஞ்சிய எட்டில் பெட்டை ஐந்து. பெட்டைக்குப் பெட்டைதான் கணக்கு என்று நானே விதித்துக்கொண்டேன். சேவலைக் கொடுத்துக் கடனை அடைக்க மனம் ஒப்பவில்லை. நான்கு மாதம் வளர்த்து, ஆகஸ்டு கடைசியில் ஐந்தையும் பச்சைத் துணி கட்டி முடுக்கு வழியே ஓட்டிவிட்டேன். ஜூலையில் பொரித்த அடுத்த அடையில் பெட்டை நான்கு தேறின. அவை டிசம்பரில் போயின. அதற்குள் ஆகஸ்டில் கொடுத்த ஐந்தில் இரண்டு முட்டையிடத் தொடங்கியிருந்தன. 2024 முடிகையில் ஒன்பது அடைந்து இரண்டு பாக்கி.

அந்த ஒன்பதில் ஒரு செவலைப் பெட்டை இருக்கிறது. லாத்தா வீட்டில் நாள் முழுதும் தின்கிறது, இரவு அங்கேயே அடைகிறது. ஆனால் முட்டையிட மட்டும் எங்கள் கூட்டுக்கு வந்துவிடுகிறது. பிறந்த வீட்டு நினைவு போலும். பத்து மணி ஆனால் முடுக்கில், "தங்கச்சி, அவள் இன்றைக்கும் அங்கேதானா?" என்று குரல் கேட்கும். என் மகன் முட்டையை எடுத்துத் துடைத்து, சூடு ஆறுமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். சில நாள் திரும்பி வரும்போது அவன் கையில் இடியாப்பம் இருக்கும். முட்டை வருமானம் திரும்பிய பிறகும் அவர்கள் அந்த வியாபாரத்தை விடவில்லை. அது எனக்குச் சற்று உறுத்துகிறது. அவர்களோ, இனி ஒன்றை மட்டும் நம்பியிருக்க மாட்டேன் என்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கள் பின்கட்டில், அதே பழைய கடகத்தில், ஒரு பெட்டை அடை கிடக்கிறது. உம்மா வைத்த ஆணியும் கரித்துண்டும் ஓரத்தில் இருக்கின்றன. பதினொரு முட்டை வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கூமுட்டை. ஒன்பதில் உயிர் ஓடுகிறது. ஒன்பதில் இரண்டு பெட்டையாவது இல்லாமலா போய்விடும்? இன்று பதினெட்டாம் நாள்.